களவுபோன முட்டைகள்

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் தமிழ்த்துறைத் தலைவர் மடல் விடுத்தபோது, நாம் ஏதேனும் ஒரு சிற்றிலக்கியத்தைப் பற்றியோ, பணியாற்றிய காலத்து நினைவுகளைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். நமக்கும் அதுவே எளிது. ஆயினும் சில ஆண்டுகளாக நம் மனத்தை விட்டு அகலாத செய்தி வேறொன்று உண்டு. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. தமிழ் நிலத்தில் பிறவாதது. பேரப்பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றிலிருந்து நம்மை வந்து பற்றிக்கொண்டது. பெரியோர் நகைப்பர், மாணவர் வியப்பர். இரண்டையும் பொறுத்துக்கொள்வோம்.

2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகருக்கு அருகே மகள் வீட்டில் தங்கியிருந்தோம். வெளியே பனி. நடைப்பயிற்சிக்கும் வழியில்லை. கொண்டு சென்ற நூல்களை முதல் பத்து நாள்களிலேயே படித்து முடித்தாயிற்று. சனிக்கிழமைதோறும் பிற்பகலில் பதினாறு வயதுப் பேரனும் அவன் தோழர் நால்வரும் சாப்பாட்டு மேசையைச் சூழ்ந்து அமர்வர். மேசைமேல் கணினி இல்லை. கைப்பேசிகளும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். தாள், பென்சில், கைவரைபடம், விதவிதமான பகடைகள் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். நான்கு மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பர். திரையை விட்டு விலகிப் பிள்ளைகள் இவ்வளவு நேரம் பேசுவதைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். அடுத்த அறையிலிருந்து, "கோயிலுக்கு அடியில் என்ன இருக்கிறது?", "நஞ்சு, தொடாதே!" என்றெல்லாம் கேட்டபோது சற்றே கலங்கினோம். "அது சும்மா கதை அத்தா, நீங்களும் போய் உட்காருங்க" என்றாள் மகள்.

அவ்விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அது பிறந்த ஊரான லேக் ஜெனீவா, மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ளது என்பதைப் பேரன் பெருமிதத்துடன் கூறினான். 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் வகுத்தது. முதற்பதிப்பு 1,000 படிகள். அவற்றைக் கையாலேயே பெட்டிகளில் அடுக்கி விற்றனராம். ஒருவர் கதைநடத்துநராக இருந்து ஓர் உலகைச் சொல்லால் படைப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் அவ்வுலகில் ஒரு மாந்தராகி, "இப்போது நான் இதைச் செய்கிறேன்" என்பர். செய்கை கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் வீட்டுத் தாயக்கட்டையைப் போன்றதன்று அப்பகடை. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் உடையவை அவை. பழங்கிரேக்கர் கண்ட ஐந்து சீர்திண்மங்களும் பிள்ளைகளின் மேசையில் உருண்டு கொண்டிருந்தன. பத்து முகப் பகடை ஒன்றும் உண்டு, அது பிற்சேர்க்கை.

கலக்கம் கொண்டவர் நாம் மட்டுமல்லர். 1980-களில் அமெரிக்கப் பெற்றோர் பலரும் சமயக் குழுவினரும் இவ்விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இட்டுச் செல்லும் எனக் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்புக்கு அஞ்சியோ வணிகம் கருதியோ, 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் பேய், சாத்தான் என்னும் பொருள்படும் சொற்களையே நீக்கிப் புதுப்பெயர் சூட்டினர். பிற்பதிப்புகளில் அவை திரும்பி வந்துவிட்டன. நாம் கண்ட அளவில், அம்மேசையில் வழிபாடு எதுவும் நடைபெறவில்லை. வழக்காடலே மிகுதியாக நடைபெற்றது.

நிற்க. கட்டுரையின் பொருளுக்கு வருவோம். 'டிராகன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. 'யாளி' என்பாருளர், அது பொருந்தாது. யாளி சிங்கமும் யானையும் கலந்த உருவம். டிராகனோ சிறகு முளைத்த பெரும்பாம்பு, நெருப்பு உமிழ்வது, பொற்குவியலின்மேல் உறங்குவது. 'பறவைநாகம்' என்னும் சொல்லை நாமே ஒரு நாள் ஆக்கிப் பார்த்தோம், பேரனுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே டிராகன் என்றே எழுதுவோம். இவ்விளையாட்டில் டிராகன்கள் வெறும் விலங்குகளல்ல. அவை பேசும்; சூழ்ச்சி அறியும்; நூற்றாண்டுகள் வாழ்ந்து முதிரும். 1974-இன் முதல் நூல்களிலேயே வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு என ஐந்து நிறத்தனவும் பொன்னிறத்ததும் இடம்பெற்றன. பின்னர்ப் பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி ஆகியவையும் சேர்ந்தன. நிறத்தன தீயவை, உலோகத்தன நல்லவை. தோலைக் கண்டவுடன் குணத்தைக் கூறிவிடலாம். 1978-ஆம் ஆண்டு விதிநூல் நன்மை-தீமை, ஒழுங்கு-குழப்பம் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது கட்டங்கள் வகுத்தது. எந்த உயிரும் அவற்றுள் ஒன்றில் அடங்கும். தேர்வு மதிப்பெண் பட்டியல் எழுதிப் பழகிய நமக்கு அக்கட்டங்கள் முதலில் பிடித்துப் போயின என்பதை மறைப்பானேன்?

இவ்வுலகங்களுள் ஒன்றின் பெயர் கிரின். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்னும் கணவன் மனைவியர், வேலையின்பொருட்டு யூட்டா மாநிலத்திலிருந்து விஸ்கான்சினுக்குக் காரில் வந்த நெடும்பயணத்தில் இதனை முதலில் கற்பனை செய்தனர். பின்னர் மார்கரெட் வைஸ் என்னும் எழுத்தாளர் டிரேசி ஹிக்மனுடன் சேர, 1984-இல் 'டிராகன்லான்ஸ்' நாவல் வரிசையின் முதல் நூலும், அதனோடு இயைந்த விளையாட்டு ஏடுகளும் வெளிவந்தன. அதில் தோன்றும் இனமே 'டிராக்கோனியர்'. மனிதரைப் போல் இரு காலில் நிமிர்ந்து நடப்பர். செதிலும் வாலும் உடையவர். பெரும்பாலோர்க்குச் சிறகும் உண்டு. ஆங்கிலத்தில் கொடுஞ்சட்டத்தையும் இதே சொல்லால் குறிப்பர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகருக்குக் கடுஞ்சட்டம் வகுத்த டிரேக்கோ என்பாரின் பெயரடியாக வந்தது அது. அவர் பெயரும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே. கொடுமையும் பாம்பும் ஒரு சொல்லில் உறைவது தற்செயலே; ஆயினும் இக்கதைக்கு அது பொருந்தி வந்துவிட்டது.

அவர்கள் தோன்றிய கதையை மேசையோரம் அமர்ந்து கேட்டபோது நமக்கு உறக்கம் கலைந்தது. இருளரசி ஒருத்தி உலகை வெல்ல எண்ணுகிறாள். நல்ல டிராகன்கள் உறங்கும்போது அவற்றின் முட்டைகளைத் தீய டிராகன்கள் களவாடிச் செல்கின்றன. "போரில் தலையிடாதிருப்போம் என்று ஆணையிட்டுக் கொடுங்கள், போர் முடிந்ததும் முட்டைகள் உங்களிடம் திரும்பி வரும்" என்பது உடன்படிக்கை. தாய்கள் வாய்கட்டி நிற்கின்றன. இதற்கிடையே பிணையாக வைக்கப்பட்ட அம்முட்டைகள் மந்திரத்தாலும் இருள்வழிபாட்டாலும் திரிக்கப்படுகின்றன. அவற்றுள்ளிருந்து டிராகன் குஞ்சுகளுக்கு மாறாகப் படைவீரர்கள் வெளிப்படுகின்றனர். பித்தளை முட்டையிலிருந்து பாஸ், செம்பிலிருந்து கபாக், வெண்கலத்திலிருந்து போசாக், வெள்ளியிலிருந்து சிவாக், பொன்னிலிருந்து ஆராக். கில்தானஸ் என்னும் எல்ப் இளவரசனும் சில்வாரா என்னும் வெள்ளி டிராகனும் சாங்க்ஷன் நகர்க் கோயிலில் இவ்வஞ்சகத்தைக் கண்ணால் கண்ட பின்னரே, நல்ல டிராகன்கள் ஆணை துறந்து போரில் இறங்குகின்றன.

யாருக்கு எதிராக இறங்குகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்படையில் நிற்பவை அவற்றின் முட்டைகளிலிருந்து வந்த உயிர்களே. நாவலாசிரியர்கள் இவ்விடத்தில் போதிய அளவு நிற்கவில்லை என்பது நம் குறை. வீரச்செயல்களுக்கு விரைந்து விட்டனர்.

டிராக்கோனியரின் சாவும் விந்தையானது. பாஸ் வெட்டுண்டு இறந்தால் உடல் கல்லாகிவிடும். குத்திய வாள் அதில் சிக்கிக்கொள்ளும். சற்று நேரத்தில் கல் பொடியாகும். கபாக் அமிலக் குட்டையாய்க் கரைவான். போசாக்கின் எலும்புகள் வெடித்துச் சிதறும். சிவாக், தன்னைக் கொன்றவனின் உருவத்தையே எடுத்துக்கொண்டு கிடப்பான். படைக்கருவியாகப் படைத்தவர்கள் சாவையும் கருவியாகவே வைத்தனர் போலும்! அவ்வினத்தாருக்குப் புதைக்க ஓர் உடல் கூட மிஞ்சுவதில்லை. சிவாக்கின் சாவே நம்மை மிகவும் உறுத்தியது. கொன்றவன் குனிந்து பார்க்கையில் தன் முகத்தையே காண்பான்.

இன்னொன்றும் உண்டு. அவ்வினத்தில் தொடக்கத்தில் ஆண்களே இருந்தனர். போர்வீரனுக்கு வழித்தோன்றல் எதற்கு? 1996-இல் மார்கரெட் வைஸும் டான் பெரினும் எழுதிய 'த டூம் பிரிகேட்' என்னும் நாவலில், போர் முடிந்து தோற்ற படையின் டிராக்கோனியப் பொறியாளர் பிரிவு ஒன்று, காங் என்னும் போசாக் தலைவனின் கீழ் ஒரு பள்ளத்தாக்கில் ஊரமைத்துக் குடியேற முயல்கிறது. பாலம் கட்டியும் மதில் எழுப்பியும் பழகியவர்கள் இப்போது வேளாண்மை செய்து பார்க்கின்றனர். தம்மோடு தம் இனம் முடிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்கதையின் போக்கில்தான் தம் இனத்தில் பெண்களும் பிறக்க இயலும் என்பதை அறிகின்றனர். அந்நூலைப் பேரனின் அலமாரியிலிருந்து எடுத்து மூன்று இரவுகளில் படித்தோம். நகைச்சுவை மிகுந்த நூல். சில இடங்களில் மட்டமான நகைச்சுவையும் கூட. ஆயினும் முட்டைகள் பற்றிய பகுதியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள நேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டக்காரப் பிள்ளைகளுள் ஒருவனுக்குக் காய்ச்சல். அவன் ஆடி வந்த பாத்திரம் ஒரு பாஸ் டிராக்கோனியன். விதிநூலில் அதற்கு இடமில்லை; 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஆட்டக்காரர் ஏற்கத்தக்க 'டிராகன்பார்ன்' என்னும் வேறோர் இனமே அடிப்படை நூலில் உள்ளது. கதைநடத்துநனாகிய பேரன் அவ்விதிகளைச் சற்று வளைத்து இசைவளித்திருந்தான். "நன்னா, அவனுக்குப் பதிலா நீங்க ஆடுங்க" என்றான். அறுபத்தெட்டு வயதில் செதிலும் வாலும் பூண்டோம். கொடுத்த தாளில் நம் வலிமை 16. நாவன்மைக்குரிய எண்ணோ வெறும் 8! முப்பத்தைந்து ஆண்டுகள் விரிவுரை ஆற்றிய நமக்கு இது தகுமா எனக் கேட்டோம். தாளில் உள்ளதே செல்லுபடியாகும் என்றனர்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பாழடைந்த கோயிலொன்றின் அடியில் ஒரு குகையை அடைந்தோம். வைக்கோலில் பதினொரு முட்டைகள். திரிக்கப்பட்டவை, இன்னும் சில நாள்களில் பொரியும். கூலிக்கு வந்த குள்ளமனிதன் ஒருவன் கையில் கோடரி. அவனை ஆட்டுவிப்பவன் பேரன். மற்ற மூவரும் ஒரு நொடியும் தயங்கவில்லை. "உடைத்துவிடலாம். பொரிந்தால் தீயவர்களாகத்தான் வருவார்கள். அவர்களின் இயல்பே அது" என்றான் ஒருவன். பேரன் நம் பக்கம் திரும்பினான். "நன்னா, உங்க ஆள் என்ன சொல்றாரு?"

பிறப்பு, இயல்பு, வளர்ப்பு என்று வகுப்பறையில் பேசுவது போல் பேசத்தான் வாய் திறந்தோம். வந்தது அதுவன்று.

1987-ஆம் ஆண்டில், வேறோர் ஊரில், ஒரு கல்லூரி விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தோம். இடம் எதுவென்பது இங்கு வேண்டா. ஒரு மாதத் தொடக்கத்தில் உணவுக் கட்டணமாக வசூலித்த தொகையில் 1,400 ரூபாய் காணவில்லை. அறை எண் 9-இல் இருந்த முதலாண்டு மாணவனின் தந்தை, களவுக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். அது விடுதி முழுவதற்கும் தெரியும். யாரும் அவனைச் சுட்டவில்லை. சுட்டத் தேவையும் இருக்கவில்லை. அழைத்து வினவினோம். "நான் எடுக்கலைங்க ஐயா" என்பதற்கு மேல் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அழவுமில்லை. அழாததையே நாம் ஒரு சான்றாகக் கொண்டோம். விடுதியை விட்டு நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டோம். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் வாயிலைக் கடந்ததை மாடியிலிருந்து பார்த்தோம். பன்னிரண்டு நாள் கழித்து, கணக்கேட்டின் அட்டைக்கும் அதன்மேல் போட்டிருந்த தாள் உறைக்கும் இடையே அத்தொகை இருந்தது. எழுத்தர் வைத்து மறந்தது. மடல் எழுதினோம். விடை வரவில்லை. நேரில் போயிருக்கலாம், பேருந்தில் மூன்று மணி நேரமே ஆகும். போகவில்லை. அவன் கல்லூரிக்கும் திரும்பி வரவில்லை. இம்மலரின் மரபுப்படி 'நாம்' என்று எழுதி வருகிறோம். அவ்வாணையில் இருந்தது ஒற்றைக் கையெழுத்தே.

இதனைக் குறையில்லா ஆங்கிலத்தில் சொன்னோமா என்பது நினைவில்லை. பாதி தமிழாகவும் இருந்திருக்கலாம். பேரன் இடையிடையே மொழிபெயர்த்தான். மூன்று பிள்ளைகளும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டனர். சமையலறை வாயிலில் மகள் நின்றிருந்ததை முடிக்கும்போதுதான் கண்டோம். அவளுக்கும் இது தெரியாது. அவள் தாய்க்கும் சொன்னதில்லை.

சற்று நேரம் கழித்துப் பேரன், "குள்ளனை நீங்க சம்மதிக்க வைக்கணும் நன்னா. பதினஞ்சு வேணும்" என்றான். இருபது முகப் பகடையை உருட்டினோம். 4 விழுந்தது. நாவன்மைக் குறைவுக்காக ஒன்று கழிய, 3. விதியென்றால் விதிதான், பேரன் அதில் நன்னாவுக்குச் சலுகை காட்டவில்லை. அதை இன்றும் மெச்சுகிறோம். குள்ளன் கோடரியை ஓங்கி ஒரு முட்டையை உடைத்தான். இரண்டாவதற்கு ஓங்கியபோது, முதலில் "உடைத்துவிடலாம்" என்ற அப்பிள்ளையே, தன் வீரன் குறுக்கே பாய்ந்து கோடரியைப் பிடிக்கிறான் என்றான். அவன் பகடையில் 17. பத்து முட்டைகள் எஞ்சின.

அவ்விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தாரும் இவ்வழக்கில் அண்மையில் கருத்து மாறி வருகின்றனர். ஓர்க் போன்ற இனங்களைப் பிறவியிலேயே தீயோராகக் காட்டிய பழைய முறையைத் திருத்துவதாக 2020-இல் அறிவித்தனர். 2024-ஆம் ஆண்டு விதிநூலில் 'இனம்' எனப் பொருள்பட வழங்கிய பழஞ்சொல்லையும் மாற்றினர். பழைய ஆட்டக்காரருள் சிலர் சினந்தனர். தீயோர் என்று உறுதியாகத் தெரிந்தவரை வெட்டுவதில்தானே ஆட்டத்தின் இன்பம் என்பது அவர்கள் கட்சி. அதிலும் ஒரு நேர்மை உண்டு. ஆனால் அம்மேசையில் அமர்ந்த பின், அக்கட்சியில் சேர நம்மால் இயலவில்லை.

அன்றிரவு பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே மகள் கேட்டாள்: "அந்தப் பையன் பேரு என்ன அத்தா?" சொன்னோம். ஊரையும் சொன்னோம். முப்பத்தாறு ஆண்டுகள் அப்பெயரை வாயால் உச்சரித்ததில்லை. ஆயினும் தந்தை பெயரின் முதலெழுத்து உட்படச் சரியாக வந்தது.

ஊர் திரும்பிய பின்னும் உடனே போகவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம். அது உண்மையான காரணமன்று. சென்ற ஆண்டின் இறுதியில்தான் போனோம். மூன்று மணி நேரப் பயணம் இப்போது இரண்டாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் இருந்த தெருவில் அவ்வீடு இல்லை. எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர் நினைவுபடுத்திச் சொன்னார்: குடும்பம் வெளியூர் போய் நெடுநாளாயிற்று, பையன் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை கற்று, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், இரண்டு பெண்களைப் படிக்க வைத்துவிட்டார். அவருடைய உறவினர் ஒருவரிடம் கேட்டுத் தொலைபேசி எண்ணையும் வாங்கிக் கொடுத்தார். நாம் யாரென்று அவர் கேட்டதற்கு, "படித்த காலத்தில் தெரியும்" என்று மட்டும் கூறிவந்தோம்.

எண் நாட்குறிப்பில் இருக்கிறது. பேரன் இப்போது கல்லூரி மாணவன். வேறு ஊரில் தங்கிப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பான். முட்டைகள் பொரிந்துவிட்டனவாம்; பத்தில் மூன்று பெண் குஞ்சுகள்; அவற்றுக்கு எதைத் தின்னக் கொடுப்பது என்பதில் வீரனுக்கும் குள்ளனுக்கும் ஓயாத சண்டை. இவற்றையெல்லாம் பிறகுதான் சொல்வான். "பேசிட்டீங்களா நன்னா?" என்பதே அவன் முதற்கேள்வி.